பிரெஞ்சுப் பரிசு பெற்ற மூரே மொழிப் படம்

திரைப்படப் பரிசொன்றைப் பற்றி மதரஸாவில் ஓதியவன் எழுதுவானேன் என்று வினவுவோர் இருக்கலாம். ஈண்டு நான் கூற வந்தது படத்தைக் காட்டிலும் மொழியைப் பற்றியதே.

பிரான்சு நாட்டுத் திரையுலகினர் 1976 முதல் 'செசார்' விருதினை வழங்கி வருகின்றனர். 1985ஆம் ஆண்டு விழாவில், பிரான்சுக்கு வெளியே எடுக்கப்பட்ட பிரெஞ்சுமொழிப் படத்துக்கென ஒரு பரிசும் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோ நாட்டைச் சேர்ந்த 'வெண்ட் கூனி' அதனைப் பெற்றது. இயக்கியவர் கஸ்தோன் கபோரே. அவர் அதனை எடுத்த 1982இல் அந்நாட்டின் பெயர் அப்பர் வோல்ட்டா. 1984இல்தான் பெயர் மாறிற்று.

வியப்பு யாதெனில், அப்படத்தின் மாந்தர் பேசுவது பிரெஞ்சன்று. மோஸி மக்களின் தாய்மொழியாகிய மூரே!

கதை வெள்ளையர் வருகைக்கு முந்திய காலத்தது. காட்டில் மயங்கிக் கிடந்த சிறுவனை வணிகன் ஒருவன் கண்டெடுத்து ஒரு சிற்றூரில் விட்டுச் செல்கிறான். சிறுவனுக்கோ பேச்சில்லை. அவனை ஏற்று வளர்க்கும் குடும்பத்தார் இட்ட பெயரே வெண்ட் கூனி. 'இறைவனின் கொடை' என்பது அதன் பொருள். நாம் நம் மக்களுக்கு ஹிபதுல்லாஹ் என்றும் அதாவுல்லாஹ் என்றும் பெயர் சூட்டுகிறோமே, அஃதே! பின்னர், மரத்தில் தொங்கும் ஒருவனது உடலைக் கண்ட அதிர்ச்சியில் அவனுக்குப் பேச்சு மீள்கிறது. சூனியக்காரி எனப் பழிசுமத்தி ஊரார் விரட்டிய தன் தாய் மாண்ட கதையை அவனே உரைக்கிறான்.

இத்தகைய படம் பிரெஞ்சுமொழிப் படமானது எவ்வாறு? அந்நாடு 1960 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்தது. விடுதலைக்குப் பின்னரும் பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடித்தது. மாந்தரின் நாவைப் பாராமல் ஆட்சிமொழியைப் பார்த்தே கணக்கிட்டனர் என்று எண்ணுகிறேன். படத்துக்குக் கிடைத்த சிறப்பு தகுதியானதே. பரிசின் பெயர்தான் பொருந்தவில்லை.

இம்முரண்பாடு கபோரேக்கு முன்னரே தோன்றியது. செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் பிரெஞ்சில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். 1966இல் அவர் பிரெஞ்சில் எடுத்த 'லா நுவார் த' பிரான்சின் ழான் விகோ பரிசைப் பெற்றது. ஆயினும் அவருடைய மக்களுள் பெரும்பாலோர்க்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆகவே 1968இல் 'மண்டாபி'யை வொலோஃப் மொழியில் எடுத்தார். (வொலோஃபை அரபு எழுத்தில் எழுதும் மரபும் அங்குண்டு, அரபுத்தமிழ் அறிந்தோர்க்கு இது புதுமையன்று.) பாரிசிலிருந்து மருமகன் அனுப்பிய மணியார்டரை மாற்ற இயலாமல் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார், எழுதப் படிக்கத் தெரியாத இப்ராஹீமா. படத்துக்குப் பிரெஞ்சு அரசின் நிதி கிடைத்திருந்தமையால், பிரெஞ்சிலும் ஒரு வடிவம் எடுக்க வேண்டியதாயிற்று. கதையில் இப்ராஹீமாவுக்கு நேர்ந்த இடர் படமெடுத்தவரையும் விடவில்லை!

புர்க்கினா ஃபாசோவில் 2023 இறுதியில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் நாட்டு மொழிகளை ஆட்சிமொழிகளாக்கி, பிரெஞ்சை அலுவல் மொழி என்ற அளவில் நிறுத்தியது. 2025 மார்ச்சில், பிரெஞ்சு பேசும் நாடுகளின் பன்னாட்டு அமைப்பிலிருந்து விலகுவதாகவும் அந்நாடு அறிவித்தது. 'வெண்ட் கூனி' அப்பரிசைப் பெற்று அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.