துண்டும் செலவு வரம்பும்: ஊவாத் தோட்டங்களின் பழைய வழக்கமொன்றின் மறுவாசிப்பு

பெருஞ்செலவு செய்யும் உதைபந்தாட்டக் கழகங்களுக்கு விதிக்கப்படும் நிதி வரம்புகள் நடைமுறையில் செல்லுபடியாகுமா என்ற வினா எழுந்தபோதெல்லாம், தண்டனையைக் கடுமையாக்கினால் காரியம் கைகூடும் என்பாரும், பணத்தின் முன் எவ்விதியும் நில்லாது என்பாரும் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். இவ்விவாதத்துக்கு உதவக்கூடிய பிரமாணமொன்று, பதுளை, பசறை, ஹாலி எல, ஹப்புத்தளைத் தோட்டங்களின் சரித்திரத்தில் துண்டு என்ற பெயரோடு கிடக்கின்றது. ஆனால் அதனை எடுத்தாளுமுன், தோட்ட வரலாற்று ஆய்வில் நிலைபெற்றுவிட்ட ஒரு வாசிப்பை மறுக்க வேண்டியிருக்கிறது.

துண்டு என்பது தொழிலாளர் பட்ட கடனின் கணக்கு, அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்த விலங்கு என்பதே அவ்வாசிப்பு. விலங்கு என்றது மெய்; கணக்கு என்றதுதான் ஐயத்துக்கு இடமானது. துண்டு என்பது தோட்டத்தை நடத்திய துரை எழுதிக் கொடுத்த சீட்டு. அச்சீட்டில், தொழிலாளர் கூட்டத்தின் தலைவனான இன்ன கங்காணியையும் அவன் கீழுள்ள இத்தனை பேரையும், இவ்வளவு தொகையை இந்நாளுக்குள் செலுத்தும் எத்தோட்டத்துக்கும் விடுவிக்கச் சம்மதம் என்ற பொருளே அடங்கியிருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வாய்மொழியாய் அமர்ந்த தொழிலாளி மாத ஒப்பந்தக்காரன். முன்னறிவித்தல் கொடுத்து விலகும் உரிமை ஏட்டளவில் அவனுக்கு இருந்தது. அவ்வாறு ஒப்பந்தம் முடிந்தவனுக்கும் புதிய எசமான் பழைய எசமானுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததென்றால், அப்பணத்தைக் கடன் என்பதினும் விலை என்பதே பொருந்தும். ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரருக்குப் பழைய கழகம் மாற்றுக் கட்டணம் கேட்பது செல்லாதென்று 1995ஆம் ஆண்டில், ஆட்டக்காரர் பொஸ்மனின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது இத்தகைய ஏற்பாட்டையே.

விலை என்பதற்குச் சீட்டின் அமைப்பே முதற் சாட்சி. கடன் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவது. துண்டின் தொகையோ கூட்டம் முழுவதற்கும் மொத்தமாய்க் குறிக்கப்பட்டது. மேலும், கடனாயின் நாளடைவில் தீரவேண்டும். துண்டோ, கூட்டம் தோட்டம் மாறுந்தோறும், பழைய தொகையைக் கட்டிய புதிய துரை கங்காணியின் மனம் குளிர மேலும் முன்பணம் கொடுத்தமையால், ஏறிக்கொண்டே போயிற்று. 1905ஐ ஒட்டி றப்பர் பயிர் பெருகிக் கீழ்நாட்டுத் தோட்டங்கள் ஆட்களுக்காகப் போட்டியிட்ட காலத்தில் முன்பணம் உயர்ந்ததும், ஏலம் ஏறியதற்கு அடையாளமேயன்றித் தொழிலாளி கூடுதலாக உண்டதற்கோ உடுத்ததற்கோ அடையாளமன்று. இரயில் பாதை 1894இல் பண்டாரவளைக்கு வந்தும் 1924 வரை பதுளையை எட்டாதிருந்தமையால், தென்னிந்தியாவிலிருந்து நேரே ஆள் திரட்டுவதைவிட அயல் தோட்டத்தின் ஆட்களைத் துண்டு கட்டி வாங்குவதே ஊவாத் துரைமார் பலருக்கு எளிதாயிருந்திருக்கும் என்று அநுமானிக்கலாம். இதனை அநுமானமென்ற அளவிலேயே வைக்கிறேன்.

இவ்வாறு வாசித்தால், தோட்டக்காரர் சங்கம் தன் உறுப்பினரை முன்பண விஷயத்தில் கட்டுப்படுத்த முயன்றும் அது பலிக்காமற் போனதன் காரணம் விளங்கும். கங்காணியின் பேராசையே காரணமென்பர். கங்காணிக்குப் பேராசை இருந்திருக்கலாம். ஆனால் பணம் துரையின் கையிலிருந்து போயிற்று, வரம்பை மீறியவரும் வரம்பை விதித்த சங்கத்தின் உறுப்பினரே. முன்பணத்துக்கு எல்லை கட்டினாலும், அதே தொகையைப் பழைய கடனைத் தீர்ப்பதாகக் கணக்கில் எழுதிவிட வழி திறந்தே கிடந்தது.

உதைபந்தாட்ட உலகின் பிரசித்தமான வழக்கும் இவ்விடத்தில்தான் இடறியது. மான்செஸ்டர் சிற்றி கழகம் உரிமையாளரின் பணத்தை அநுசரணைப் பணமாகக் காட்டியதென்ற குற்றச்சாட்டின் பேரில், ஐரோப்பிய உதைபந்தாட்டத்தை நிருவகிக்கும் யூஈஎஃப்ஏ 2020 பெப்ரவரியில் இரண்டாண்டுத் தடையும் 3 கோடி யூரோ அபராதமும் விதித்தது. அதே ஆண்டு யூலையில் விளையாட்டுத்துறை நடுவர் நீதிமன்றம், குற்றச்சாட்டுகளிற் பெரும்பாலானவை நிரூபிக்கப்படாதவை அல்லது காலவரையறை கடந்தவை என்று கூறித் தடையை நீக்கி, விசாரணைக்கு ஒத்துழையாமைக்காக மட்டும் என்று அபராதத்தை 1 கோடி யூரோவாகக் குறைத்தது. கழகம் குற்றமற்றதா அன்றா என்பது என் விசாரணைக்கு உட்பட்டதன்று. பணத்தின் பெயரைக் கணக்கில் எழுதும் அதிகாரம் கழகத்திடமே இருக்கையில், வெளியார் அதனைப் பொய்யென்று நிலைநாட்டுவது எத்துணை அரிது என்பதே கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் எவர்ற்றன் கழகத்துக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது 6 ஆனதைக் காட்டி, விதி பலிக்கிறதே என்பார் உளர். ஆனால் மூன்றாண்டு நட்டம் 10.5 கோடி பவுணைத் தாண்டலாகாதென்ற வரம்பை மீறியதை அக்கழகமே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவனைத் தண்டிப்பதை விதியின் வலிமைக்கு உதாரணமாகக் கொள்வதற்கில்லை.

கோடீசுவர ஆட்டக்காரரையும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற ஏழைகளையும் ஒப்பிடலாமா என்று சினப்பாருக்கு விடை சுருக்கமானது: நான் ஒப்பிடுவது எசமானர்களை.

துண்டு ஒழிந்த விதமே நமக்குப் பிரயோஜனமானது. சங்கத்தின் கட்டுப்பாட்டால் ஒழியாத அதனை, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் சட்டவிரோதமாக்கியது. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், தோட்டங்கள் யாவும் வரி செலுத்தும் பொது நிதியொன்றை நிறுவி, ஆள் திரட்டும் செலவைத் தனித் துரையின் கையிலிருந்து எடுத்துவிட்டது. கங்காணி ஆளுக்கு இவ்வளவென்று பெற்ற தலைக்காசு அதன் பின்னும் பல்லாண்டு தொடர்ந்தது. தொழிலாளியின் வறுமை நீங்கியதென்று சொல்லவும் நான் துணியேன். ஆயினும் ஏலம் நின்றது. மீறுவோரைத் தேடிப் பிடித்ததனாலன்று, ஏலம் கேட்கும் பணமே வேறு கைக்கு மாறியதனால். பிரீமியர் லீக்கிலோ, விதி செய்வோரும் விதிக்கு உட்படுவோரும் ஒருவரே: அதன் பங்குதாரர்கள் அதில் ஆடும் 20 கழகங்களேயாவர், விதியை மாற்ற அவற்றுள் 14இன் வாக்கு வேண்டும்.