காலையில் இனித்த கள்ளு மாலையில் ஏன் புளிக்கிறது?

ரந்தாவ், பஹாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கள்ளுக்கடைக்குச் சீக்கிரம் போனால் ஒரு ருசி, நேரம் கழித்துப் போனால் வேறு ருசி என்பார்கள். கள்ளு அதேதான். வேலையைக் காட்டியது நம்ம ஊர் வெயில்.

தென்னம்பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீர், முட்டியில் விழுந்ததுமே புளிக்கத் தொடங்கிவிடும். யாரும் எதையும் கலக்க வேண்டாம். பாளையிலும் பழைய முட்டியிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் போதும். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. நுரை வருவது அதனால்தான். 30 பாகை செல்சியஸில் சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். அதற்குப் பிறகு பாக்டீரியாக்களின் கை ஓங்கி, கள்ளு காடியாக மாறத் தொடங்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிப்பது தடைபடும், பதநீர் கிடைக்கும். தோட்டத்தில் சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை. இறக்கிய அன்றே விற்று முடிப்பதுதான் ஒரே வழி.

தோசை மாவும் இப்படித்தானே? சிரம்பானில் ராத்திரி அரைத்தால் காலையில் பொங்கி வழியும். கேமரன் மலையில் சோம்பிக் கிடக்கும்.

பியர் விஷயத்தில் இந்த அவசரம் ஆகாது. 'ஏல்' வகைக்குப் பொதுவாக 18 முதல் 22 பாகை, 'லாகர்' வகைக்கு 8 முதல் 13 பாகை தேவை. சிரம்பானிலோ பகலில் 30ஐத் தாண்டுகிறது. போதாக்குறைக்கு, புளிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும். ஏர்கோன் அறை 22 பாகையில் இருந்தாலும் பாத்திரத்துக்குள் சில பாகை கூடுதலாக இருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் சூடு ஏறினால் பெயிண்ட் தின்னர் போன்ற வாடை வந்துவிடும். பிறகு குளிர வைத்தாலும் அது போகாது.

நம்மைப் போலவே வெக்கையான சிங்கப்பூரில், நிபந்தனைகளோடு வீட்டில் பியர் காய்ச்ச அனுமதி உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் பழைய ஐஸ்பெட்டியோடு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியை இணைத்துக்கொள்கிறார்கள். வெப்பமானியைக் காற்றில் தொங்கவிடாமல், பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். ஈரத்துணி சுற்றி விசிறி வைப்பது வறண்ட ஊருக்குச் சரி. நம் ஈரக்காற்றில் பெரிதாகப் பலனில்லை. தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்து ஐஸ் போத்தல்களை மாற்றிக்கொண்டே இருப்பது அதைவிட மேல். ஆச்சரியம் என்னவென்றால், குளிர்நாடான நார்வேயின் 'குவைக்' ஈஸ்ட் 30 பாகைக்கு மேலும் நன்றாக வேலை செய்யும்.

சூட்டில் புளித்தால் விஷமாகிவிடுமா? ருசி கெடும், தலைவலி வரலாம். ஆனால் 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 30க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது புளிப்பு அல்ல, போலி மதுவில் இருந்த மெத்தனால். அதை நிறத்திலோ வாடையிலோ கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று: மலேசியாவில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி மதுபானம் தயாரிக்க உரிமம் வேண்டும்.