முளைகட்டிய தானிய பிரெட்: சர்க்கரை போடாமலே இனிப்பது ஏன்? கையில் ஒட்டினால் வேகாத பிரெட்டா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பேக்கரி என்றாலே டீயும் பன்னும்தான் முதலில் நினைவுக்கு வரும். விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போய், கையை எடுத்ததும் மறுபடி எழும்ப வேண்டும். அதுதான் நல்ல பிரெட் என்று கையும் நாக்கும் பழகிவிட்டன. இப்போது 'சுகர் இருக்கு', 'எடையைக் குறைக்கணும்' என்று சொல்லி, கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து முளைகட்டிய தானிய பிரெட் வாங்குபவர்கள் கூடிவருகிறார்கள்.

வாங்கி வந்து முதல் துண்டைச் சாப்பிட்டதும் இரண்டு சந்தேகம் வரும். சர்க்கரையே சேர்க்கவில்லை என்று கவரில் போட்டிருக்கிறது, ஆனால் லேசா இனிக்குதே, உள்ளே வெல்லம் ஏதாவது கலந்திருக்கிறார்களா? அடுத்தது, வெட்டினால் கத்தியில் ஒட்டுகிறது, கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது, இது சரியாக வேகவில்லையா?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. விதை முளைக்கும்போது அதற்குள் நடக்கும் மாற்றம்தான் அது.

விதைக்குள் என்ன நடக்கிறது?

கோதுமையோ கம்போ கேப்பையோ, எந்தத் தானியமாக இருந்தாலும் அதில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். செடிக்கு இலை விடும்வரை தேவையான சாப்பாட்டை விதை கட்டுச்சோறு மாதிரி மூட்டை கட்டி வைத்திருக்கிறது. ஆனால் மாவுச்சத்தை அப்படியே முளையால் சாப்பிட முடியாது. அது சர்க்கரையாக உடைய வேண்டும்.

தண்ணீரில் ஊறியதும் விதையின் கரு விழித்துக்கொள்கிறது. அது அனுப்பும் ஹார்மோன் சமிக்ஞை தவிட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடுக்குக்குப் போகிறது. அங்கிருந்து அமைலேஸ் என்ற நொதி சுரக்கிறது. இந்த நொதிதான் மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ், குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளாக மாற்றுகிறது. கூடவே புரதத்தை வெட்டும் நொதிகளும் வேலையில் இறங்குகின்றன.

பிரெட்டில் தெரியும் இனிப்பு இந்த மால்டோஸின் இனிப்புதான். வெள்ளைச் சர்க்கரை அளவுக்கு இது தித்திக்காது. வாயில் போட்டதும் தெரியாமல், நாலு தடவை மென்ற பிறகு மெதுவாக வெளியே வரும். ஹார்லிக்ஸ் மாதிரியான மால்ட் பானங்களில் வரும் அந்த வாசனையும் முளைகட்டி உலர்த்திய பார்லியில் இருந்து வருவதுதான். முளைகட்டிய பிரெட்டை முகர்ந்தால் 'எங்கேயோ குடிச்ச வாசனை மாதிரி இருக்கே' என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

வீட்டிலேயே பார்க்கலாம்: கேப்பைக் கஞ்சி சோதனை

இந்த நொதியின் வேலையைக் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சாதாரண கேப்பை மாவில் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, குடிக்கிற சூடு வரும்வரை ஆற விடுங்கள். அதில் முளைகட்டி, வறுக்காமல் உலர்த்தி அரைத்த கேப்பை மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கரண்டி நிற்கிற கஞ்சி இளகி, ஊற்றினால் ஓடுகிற பதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்க வேண்டாம்.

கொதிக்கும்போதே போட்டால் இது நடக்காது. அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். வறுத்து அரைத்த மாவிலும் பெரிதாக நடக்காது, அதே காரணம்தான்.

இது வேடிக்கைக்காகச் சொல்லும் விஷயம் இல்லை. கைக்குழந்தைக்குக் கெட்டிக் கஞ்சி இறங்காது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் வயிறு நிறையும், சத்து சேராது. ஒரு ஸ்பூன் முளைகட்டிய மாவு இருந்தால், மாவின் அளவைக் குறைக்காமலே கஞ்சியை இளக்கலாம். இந்தியாவில் 1980களில் பரோடா பல்கலைக்கழக ஊட்டச்சத்துத் துறையினர் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் முளைகட்டிய கேப்பையில் குழந்தை உணவு தயாரிக்கும் முறைகளில் வேலை செய்திருக்கிறது. பச்சை மாவு சேர்ப்பதால், குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் கஞ்சியை மறுபடி ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கஞ்சியை இளக்கிய அதே நொதிதான் பிரெட்டை ஒட்ட வைக்கிறது.

கனமும் ஒட்டலும் ஏன்?

அடுப்புக்குள் போன மாவு ஒரேயடியாகச் சூடாகிவிடாது. உள்பகுதி மெதுவாகத்தான் சூடேறும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதி, கூழாகிறது. அமைலேஸ் நொதி முழுதாக அடங்க இன்னும் பதினைந்து, இருபது டிகிரி ஏற வேண்டும். இந்த இடைவெளிதான் சிக்கல். கூழான மாவுச்சத்தை நொதி இந்த நேரத்தில் வேகமாக வெட்டித் தள்ளும். பிரெட்டைத் தூக்கி நிறுத்த வேண்டிய சத்து பிசினாகிவிடுகிறது. அதனால் நடுப்பகுதி ஈரமாக, பல்லில் லேசாகப் பிடிக்கிற மாதிரி ஆகிறது.

புரதத்திலும் ஒரு பாதிப்பு உண்டு. கோதுமை மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்வது குளூட்டன் என்ற புரதத்தால். ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைத்து பிரெட்டை உப்ப வைப்பதும் அதுதான். முளைக்கும்போது இந்தப் புரதத்தின் ஒரு பகுதி வெட்டுப்படுகிறது. முழுத் தானியம் என்பதால் தவிட்டுத் துணுக்குகளும் உள்ளே இருக்கும். அவை காற்றுக் குமிழ்களைக் குத்தி உடைக்கும். எனவே மைதா பிரெட் அளவுக்கு இது உயராது.

ஆக, கனமும் லேசான ஈரமும் குறை இல்லை, இந்த பிரெட்டின் குணமே அதுதான். ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. நடுவில் களி மாதிரி ஒரு பட்டை தெரிந்தாலோ, அமுக்கினால் எழும்பாமல் அப்படியே ஒட்டிக்கொண்டாலோ, தானியம் அளவுக்கு மீறி முளைத்துவிட்டது அல்லது பிரெட் நிஜமாகவே வேகவில்லை. அதைக் குணம் என்று சொல்லி விற்றால் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மாவு ஆலைகளில் இதைக் கண்டுபிடிக்க 'ஃபாலிங் நம்பர்' என்ற சோதனை உண்டு. மாவையும் தண்ணீரையும் குழாயில் சூடாக்கி, ஒரு கம்பி அந்தக் கூழில் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். நல்ல கோதுமை என்றால் 300 விநாடியை ஒட்டி வரும். நன்றாக முளைத்த கோதுமையில் 100க்கும் கீழே இறங்கிவிடும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக் கதிரிலேயே முளைத்த தானியத்துக்கு விலை அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐப்பசி மழையில் கதிர் நனைந்து முளைவிட்டதைப் பார்த்த விருதுநகர் மாவட்ட விவசாயிக்கு, முளைத்த தானியத்தைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும். வயலில் முளைத்தால் எவ்வளவு முளைக்கும் என்பது யார் கையிலும் இல்லை, பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். பேக்கரிக்கு வேண்டியது 1 அல்லது 2 நாளில் நிறுத்தப்பட்ட, வெள்ளை நுனி மட்டும் எட்டிப் பார்க்கிற முளை.

பால்கோவாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறத்தில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் தவிர வேறு சேர்மானம் கிடையாது. பாலை வாணலியில் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைக்கும்போது, பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து அந்த இளம்பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. முளைகட்டிய பிரெட்டின் மேல்தோல் சீக்கிரமே நல்ல பழுப்பாவதும் இதே வினையால்தான். முளையில் உடைந்த சர்க்கரையும் உடைந்த புரதமும் அதில் கூடுதலாக இருக்கிறதே.

கொஞ்சம் தெற்கே போனால் திருநெல்வேலி அல்வா. அதற்கும் கோதுமையை ஊற வைத்துத்தான் பால் எடுக்கிறார்கள், ஆனால் முளைக்க விடுவதில்லை. முளைத்திருந்தால் அந்தப் பால் கெட்டிப்படும் திறனை இழந்திருக்கும், அல்வா பதமே வராது. உஸ்பெகிஸ்தான் பக்கம் நவ்ரூஸ் பண்டிகைக்குச் செய்யும் சுமலக் இதற்கு நேர்மாறு. முளைகட்டிய கோதுமையின் சாற்றை மாவோடு சேர்த்து இரவெல்லாம் கிண்டுகிறார்கள். சர்க்கரை போடாமலே பழுப்பு நிறத்தில் இனிக்கும்.

எல்லா முளைகட்டிய பிரெட்டும் ஒன்றா?

இல்லை. முளைத்த தானியத்தை ஈரத்தோடு அரைத்து, அந்த விழுதிலேயே செய்வது ஒரு வகை. அமெரிக்காவில் பல வருடங்களாக விற்பனையில் இருக்கும் 'எசேக்கியேல்' பிரெட் இந்த வகைதான். கோதுமை, பார்லி, தினை வகை, பருப்பு, சோயா எல்லாம் முளைகட்டிச் சேர்க்கிறார்கள். வாயில் தானியத் துணுக்கு தட்டும், நன்றாக மெல்ல வேண்டியிருக்கும். அதிலேயே தனியாகக் கோதுமை குளூட்டனும் சேர்க்கிறார்கள். முளையில் இழந்த பிடிமானத்தை ஈடுகட்டத்தான். எனவே சேர்மானப் பட்டியலில் 'கோதுமை குளூட்டன்' என்று பார்த்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் முளைகட்டினால் குளூட்டன் போய்விடும் என்று நம்பி, கோதுமை ஒவ்வாமை அல்லது சீலியாக் நோய் உள்ளவர்கள் சாப்பிட்டுவிடக் கூடாது. அது போகாது.

முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிச் செய்வது இரண்டாவது வகை. இது கொஞ்சம் மென்மையாக இருக்கும், கோதுமை பிரெட்டுக்குப் பக்கத்தில் வரும், கசப்பு மட்டும் குறைவாகத் தெரியும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. கவரின் முன்பக்கம் முளைவிட்ட தானியப் படம், உள்ளே பஞ்சு மாதிரி பழுப்பு பிரெட். இங்கேதான் பணம் போகிறது. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகம் இருக்கும் பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது இந்திய உணவு லேபிள் விதி. முதல் பெயர் மைதா என்றும், முளைகட்டிய தானியம் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் பிறகு கடைசியிலும் இருந்தால், அது முளை தூவிய மைதா பிரெட். ஐ.என்.எஸ். 150 என்ற எண் இருந்தால் அந்தப் பழுப்பு நிறம் கேரமல் நிறமியால் வந்தது. மேலே சொன்ன மாதிரி, முளைத்த தானியம் உண்மையிலேயே அதிகம் இருந்தால் பிரெட் அவ்வளவு லேசாக இருக்க வாய்ப்பு குறைவு.

சுகர் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாமா?

தாராளமாக வேண்டாம், கணக்குப் பார்த்துச் சாப்பிடலாம். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்றால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம் இல்லை. நாக்கில் தெரியும் இனிப்பே அதற்குச் சாட்சி. மாவுச்சத்தில் ஒரு பகுதிதான் முளைக்கும்போது உடைகிறது, மீதி அப்படியே இருக்கிறது. உடைந்ததும் உடையாததும் உடம்புக்குள் போய் குளுக்கோஸாகத்தான் முடியும். மைதாவில் இல்லாத தவிடும் நார்ச்சத்தும் முழுத் தானியத்தில் கிடைக்கும். முளைக்கும்போது ஃபைட்டிக் அமிலம் குறைவதால் இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகள் உடம்பில் சேர்வது கொஞ்சம் சுலபமாகிறது. இதெல்லாம் லாபம்தான். ஆனால் துண்டு கனமாக இருப்பதால் 2 துண்டு என்பது வெள்ளை பிரெட்டின் 2 துண்டைவிட எடையில் கூடுதலாக வரலாம். துண்டை எண்ணாமல் கிராமைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் முளைகட்டும்போது சோளத்தில் கவனம்

கோதுமை, கேப்பை, கம்பு எதுவானாலும் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை வடித்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி வைத்தால் போதும். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி காஸ் துணிக்குப் பேர்போன ஊர், இந்த வட்டாரத்தில் மெல்லிய துணிக்குப் பஞ்சமில்லை. கோடைச் சூட்டில் ஒரு நாளிலேயே முளை வந்துவிடும். காத்திருந்தால் நீளும், புளிக்கும். வழவழப்போ கெட்ட வாடையோ வந்தால் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் கொட்டிவிட வேண்டும். தானியம் முளைக்கும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானது.

சோளம் வேறு விஷயம். இளஞ்சோளப் பயிரில், அதிலும் மழையில்லாமல் வாடிய பயிரில், மாட்டை மேய விடக் கூடாது என்று கால்நடை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த இளம் பயிரில் துரின் என்ற பொருள் இருக்கிறது, அது உடைந்தால் சயனைடு வெளியாகும். நாம் சாப்பிடும் முற்றிய சோளத்தில் இது மிகக் குறைவு, பயமில்லை. ஆனால் முளைவிட்டதும் முளையிலும் வேரிலும் இது வேகமாகக் கூடுகிறது. ஆப்பிரிக்க நாடுகளில் சோளத்தை முளைகட்டிப் பயன்படுத்துபவர்கள் உலர்த்தி, முளையையும் வேரையும் தேய்த்து நீக்கிவிட்டுத்தான் அரைக்கிறார்கள். பிரெட்டுக்கோ சாலட்டுக்கோ வீட்டில் முளைகட்டுவது என்றால் சோளத்தை விட்டுவிட்டு மற்ற தானியங்களை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

முதல் தடவை செய்பவர்கள் முழு மாவையும் முளைகட்டியதாகப் போட வேண்டாம். நாலில் ஒரு பங்கு முளைகட்டிய மாவு, மீதி சாதாரண கோதுமை மாவு என்று தொடங்கினால் இனிப்பும் வாசனையும் வரும், ஒட்டலும் கட்டுக்குள் இருக்கும். மாவில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் ஈஸ்ட் வேகமாகப் பொங்கும். வழக்கமான நேரத்துக்கு முன்பே எட்டிப் பார்க்க வேண்டும். வெந்து எடுத்ததும் சூட்டோடு வெட்டக் கூடாது. முழுதாக ஆறிய பிறகுதான் உள்பகுதி இறுகும். வேகாத பிரெட் என்ற புகாரில் பாதி, சூட்டில் வெட்டியதால் வருவது.

எப்படி வைப்பது?

ஈரம் அதிகம் என்பதால் நம்ம ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சை வராவிட்டாலும் விறைத்துப்போகும். துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போடலாம். எண்ணெய் தேவையில்லை. இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை விட்டால் ஒட்டல் போய் ஓரம் மொறுமொறுப்பாகும், அந்த மால்ட் வாசனையும் அப்போதுதான் முழுதாக எழும்பும். சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருப்பதால் வெள்ளை பிரெட்டைவிடச் சீக்கிரம் கருகும், தீயைக் குறைத்து வையுங்கள்.