அரிக்குரல்: மலைபடுகடாத்தின் ஒரு சொல்

ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாற்றைச் சேயாறு என்கிறது மலைபடுகடாம். அது பாடும் செங்கண்மாவே மலையடிவாரத்திலுள்ள இன்றைய செங்கம். அவ்வூரை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் 583 அடிப் பாட்டு அது, பெருங்கௌசிகனார் பாடியது. மலையில் எழும் ஓசைகளை யானையின் மதமாக உருவகித்ததால் அமைந்த பெயர். அருவி, வள்ளைப்பாட்டு, கரும்பாலை, பன்றிப்பறை என்று கண்ணைவிடச் செவிக்கே மிகுதியும் வேலை வைத்த நூல் இது.

தொடக்கத்திலேயே கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒன்று தட்டை. உரைகாரர் கரடிகை என்பர். அதற்குப் புலவர் தரும் அடை ‘அரிக்குரல்’. அரி என்பதற்குத் தவளை என்றும் பொருளுண்டு. வகுப்பில் இதைச் சொன்னதும் மாணவர் நகைப்பர். ஓர் இசைக்கருவிக்கு இதுவா புகழ்ச்சி என்பது அவர்கள் ஐயம். ஆனால் குறுந்தொகை 193ஆம் பாட்டில் அரிசில்கிழார் இதே உவமையை மறுதலையாக வைக்கிறார்: சுனையில் வாழும் தேரை தட்டைப்பறைபோல் ஒலிக்கிறது. மழையிரவில் தேரையின் குரலை உற்றுக் கேட்டவர்க்கு இது விளங்கும். அது ஒரே நீட்டொலியன்று. துண்டு துண்டாய் அறுந்து, விரைந்து அடுத்தடுத்து வருவதால் ஒன்றுபோல் தோன்றும் நடுங்கொலி.

எனினும் அரி என்பதைத் தவளையோடு நிறுத்திவிட்டால் சொல்லின் பாதியே கைக்கு வரும். சிலம்பின் உள்ளிடு பரலுக்கும் அரி என்றே பெயர். பாண்டியன் அவையில் வழக்கு முழுதும் அந்த அரி மணியா முத்தா என்பதில்தானே நின்றது? புறநானூற்றில் தடாரிப்பறைக்கும் அரிக்குரல் உண்டு. மதுரைக்காஞ்சியில் வரும் ‘அரி’யை நச்சினார்க்கினியர் ‘அரித்தெழும் ஓசை’ என விரிக்கிறார். பரல் பரலாய்ச் சிதறி எழும் ஓசை என்று நாம் கொள்கிறோம்.

இனி, நம்மைச் சற்றே உறுத்தும் செய்தி. அசைந்தொலிக்கும் இசை என்றதும் நமக்கு நினைவில் வருவது கமகம். 13ஆம் நூற்றாண்டுச் சார்ங்கதேவர் அதனைக் கேட்போர் உள்ளத்துக்கு இன்பம் தரும் சுரத்தின் நடுக்கம் என வரையறுத்து, பதினைந்து வகை கூறினார். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளே அமைத்தது. இதற்குப் பழந்தமிழ்ச் சொல் தேடும் ஆர்வலர் சிலர் ‘அரி’யை அதன்மேல் ஏற்றிவிடுகின்றனர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு சொல்லித் திரிந்தவர்களே.

அது பொருந்தாது. கமகம் சுரத்தை அசைப்பது; வளைந்து செல்லினும் ஒலி அறுவதில்லை. அரியோ தோலிலும் பரலிலும் பிறப்பது. அறுந்து அறுந்து வருவதே அதன் இயல்பு. கமகத்துக்கு உறவு தேடுவோர் கானல்வரி கூறும் யாழின் இசைக்கரணங்கள் எட்டனுள் தேடலாம். உருட்டல், தெருட்டல் என்பன அங்குள்ளன. கெடுவாய்ப்பாக, அடியார்க்குநல்லார் உரை கானல்வரிக்குக் கிடைக்கவில்லை. அரும்பதவுரையைக் கொண்டே அமைய வேண்டியிருக்கிறது.

தட்டைக்கோ இன்னொரு வாழ்வும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டும் தழல், குளிர் ஆகியவற்றோடு தட்டையும் மகளிர் கையில் இருக்கிறது.