பொதிகை எப்படி 'டிடி தமிழ்' ஆச்சு? பெயரும் நிறமும் மாறினாலும் மாறாத ஒரு கண்

டிவியில் 'டிடி பொதிகை'யைத் தேடினால் இப்போது கிடைக்காது. 2024 ஜனவரி 19 அன்று, கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியைத் தொடங்கிவைக்க சென்னை வந்த பிரதமர் மோடி, அதே மேடையில் 'டிடி தமிழ்' சேனலையும் தொடங்கிவைத்தார். பொதிகைதான் புதுப் பெயரில் வந்தது. பெயர் போனாலும் லோகோவில் இருக்கும் அந்தக் கண் அப்படியே இருக்கு.

அந்தக் கண்ணை வரைந்தது யார்?

ஒரு மாணவர். டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய டிவி ஒளிபரப்பு, அப்போது அகில இந்திய வானொலியின் கீழ்தான் இருந்தது. அதைத் தனியாகப் பிரிக்கும் பேச்சு வந்தபோது ஒரு சின்னம் தேவைப்பட்டது. வேலை அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போனது. அங்கே படித்துக்கொண்டிருந்த தேவாஷிஷ் பட்டாச்சார்யா மனிதக் கண்ணை வரைந்தார்: நடுவில் ஒரு வட்டம், இருபுறமும் அதைத் தழுவும் இரண்டு வளைவுகள். மாணவர்களும் ஆசிரியர்களும் கொடுத்த வடிவங்களில் இதைத் தேர்ந்தெடுத்தது அன்றைய பிரதமர் இந்திரா காந்தி.

சுழன்று வந்து கண்ணாகச் சேருமே, அந்த அனிமேஷனில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. படத்தின் நகல்களைக் கேமராவுக்குக் கீழே வைத்து, திருப்பித் திருப்பிப் படம் பிடித்தார்கள். பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து இசை அமைத்தார்கள். வானொலியிலிருந்து தூர்தர்ஷன் பிரிந்த 1976 ஏப்ரல் 1 அன்றே அது முதன்முதலாக ஒலித்தது. சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதாவது, நம்ம ஊர் நிலையம் அந்த இசையைவிட மூத்தது!

'பொதிகை' ஏன் முக்கியம்?

'ஒளியும் ஒலியும்', 'வயலும் வாழ்வும்', 'எதிரொலி' எல்லாம் வந்த காலத்தில் அது வெறும் மெட்ராஸ் தூர்தர்ஷன். பிராந்திய மொழிகளுக்குத் தனி சேனல்கள் வந்த பிறகுதான் ஊர் மணக்கும் பெயர்கள் வந்தன. மராத்திக்கு சஹ்யாத்ரி, குஜராத்திக்கு கிர்நார், தெலுங்குக்கு சப்தகிரியும் யாதகிரியும். கவனித்தால் எல்லாமே மலைகள். தமிழுக்கு, அகத்தியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பொதிகை. டெல்லியின் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மலை நின்றதுதான் அந்த பிராண்டின் அழகே. மலையாளம், வங்காளம் போன்ற சேனல்களுக்கு மொழிப்பெயர்தான் பெயர், அதனால் 'டிடி தமிழ்' விதிவிலக்கு இல்லை. தேடினால் சட்டென்று கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது சேனலுக்குப் பெயர் வைப்பது போல இல்லை, அலுவலக ஃபைலுக்கு லேபிள் ஒட்டுவது போல இருக்கு.

காவியா, ஆரஞ்சா?

பெயர் மாறி மூன்று மாதத்தில் நிறமும் சர்ச்சையானது. 2024 ஏப்ரல் 16 அன்று டிடி நியூஸின் சிவப்பு லோகோ காவி நிறத்துக்கு மாறியது. தமிழ்நாடு மக்களவைத் தேர்தலில் வாக்களிக்க மூன்றே நாள் இருந்தது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்காரே இதைக் கடுமையாக விமர்சித்தார். அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின், பொதிகை பெயர் நீக்கத்தையும் சேர்த்தே கண்டித்தார். அது ஆரஞ்சு, பார்வைக்கு எடுப்பாக இருக்கத்தான் மாற்றினோம் என்றார் அப்போது தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த கௌரவ் திவிவேதி.

தனியார் சேனல் என்றால் லோகோ முதலாளியின் இஷ்டம். பிரசார் பாரதி நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்பு, தன்னாட்சி கொண்டது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் தேர்தல் நேரத்து நிறமாற்றத்தை வெறும் டிசைன் விஷயமாக விட முடியவில்லை.

இதே அமைப்பு 2017இல் இளைஞர்களைக் கவரப் புது லோகோ வேண்டும் என்று பொதுமக்களிடமே வடிவங்கள் கேட்டது, 1 லட்சம் ரூபாய் பரிசும் அறிவித்தது. வடிவங்கள் வந்து குவிந்தன. கடைசியில் அந்தப் பழைய கண்ணே நிலைத்தது.