வட்டச் சாலையும் இரண்டாம் பத்தியும்

ஐஸ்லாந்துத் தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை 1974-இல்தான் முழு வட்டமானது. தெற்கே பெரும் பனிப்பரப்பிலிருந்து உருகிவரும் ஆறுகள் கருமணல் வெளியில் தடம் மாறி மாறி ஓடுபவை. அவற்றின்மேல் பாலங்கள் எழுந்த பிறகே சுமார் 1,300 கிலோமீட்டர் சாலையின் இரு முனைகளும் இணைந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1975 அக்டோபர் 24 அன்று, அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் அடுப்படி வேலையையும் ஒருசேர நிறுத்தினார்கள். சாலை முழுமையான கதையைப் பயணக் கையேடுகள் மறக்காமல் சொல்கின்றன. பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்ட நாள் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது.

வரும் கோடையில் இந்த வட்டத்தைக் கார் ஓட்டிச் சுற்றிவரத் தோழியும் நானும் திட்டமிடுகிறோம். "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்பதுதான் உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி. நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டது வேறு: இந்த அழகிய நிலத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது? அதற்காகப் பயணத் தாளில் இரண்டாம் பத்தி ஒன்றைச் சேர்த்தோம். முதல் பத்தியில் அருவி, எரிமலை, வெந்நீர் ஊற்று. இரண்டாவதில் பெண்கள்.

முதல் நிறுத்தம் திங்வெட்லிர். கி.பி. 930 முதல் ஐஸ்லாந்தின் பொது மன்றம் கூடிய பாறைவெளி. இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே ஆறு தேங்கி நிற்கும் இடமொன்றின் பெயருக்கு 'மூழ்கடிக்கும் மடு' என்று பொருள். 1564-இல் வந்த கடும் சட்டம் பாலுறவுக் குற்றங்களுக்கு மரண தண்டனை விதித்தது. தகாத உறவுக் குற்றத்தில் ஆணுக்குத் தலையை வெட்டினார்கள். பெண்ணை நீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். பெற்ற சிசுவைக் கொன்றதாகத் தீர்ப்பான பெண்களுக்கும் அந்த மடுதான். 18 பெண்கள் அங்கே கொல்லப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. நிலமற்றவர்கள் ஏதேனும் ஒரு பண்ணையில் ஊழியம் செய்தே ஆக வேண்டும் என்ற விதி நடப்பில் இருந்த நாடு அது. திருமணமாகாமல் கருவுற்ற பணிப்பெண்ணுக்கு மறைவிடமும் இல்லை, ஆதரவும் இல்லை. படம் எடுக்க நிற்கும் இடத்தில் இதையும் நினைக்க வேண்டும் என்று தாளில் குறித்திருக்கிறோம்.

அடுத்தது குல்ஃபாஸ் அருவி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மின்சாரம் எடுக்க இதைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். அருகிலிருந்த பண்ணையின் மகள் சிக்ரிதுர் தோமஸ்தோத்திர் எதிர்த்தார். தன் கைப்பணத்தைச் செலவிட்டு வழக்காடினார். நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள ரெய்க்யவிக் நகருக்கு நடந்தே போனார். கடைசியில் வழக்கில் தோற்றுப்போனார். ஆனால் இழுபறியான அந்த ஆண்டுகளில் அணை எழவில்லை. குத்தகைப் பணம் கட்டப்படாததால் 1929-இல் ஒப்பந்தம் ரத்தானது. அவருடைய வழக்கறிஞர் பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். அருவியருகே சிக்ரிதுருக்கு நினைவுக்கல் உண்டு. அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

தென்கரையில் ஸ்டோக்ஸேரி என்ற சிற்றூர். 1777-இல் பிறந்த துரிதுர் ஐனர்ஸ்தோத்திர் இந்தப் பகுதியில் மீன்பிடிப் படகின் தலைவராக இருந்தவர். கால்சட்டை அணிந்து துடுப்பு வலித்தவர், ஆண் படகாட்களை நடத்தியவர். 1827-இல் நடந்த பெருங்கொள்ளை ஒன்றில், திருடர்கள் விட்டுச்சென்ற பொருள்களை அடையாளம் கண்டு துப்புத்துலக்க உதவியவரும் அவரே. மீனவர் குடிசையொன்றை அவர் பெயரில் மீட்டெழுப்பி வைத்திருக்கிறார்கள். 'கடல் ஆண்களுடையது' என்ற பேச்சுக்கு அந்தச் சிறு குடிசையே பதில்.

கிழக்கையும் வடக்கையும் சுற்றி, வட்டம் முடியும் தறுவாயில், சாலையோரம் மூன்று மேடுகள். அங்கே 1830 சனவரி 12 அன்று ஆக்னெஸ் மக்னூஸ்தோத்திர் என்ற பணிப்பெண்ணும் ஃப்ரித்ரிக் என்ற இளைஞரும் கொலைக் குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டார்கள். ஐஸ்லாந்தில் நிறைவேறிய கடைசி மரண தண்டனை அது. ஏழையாகப் பிறந்து பண்ணைக்குப் பண்ணை ஊழியம் மாறிய பெண்ணின் வாழ்க்கை, தீர்ப்பின் காகிதங்கள் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தண்டிக்கப்படாமல் இருந்திருந்தால் அவரைப் பற்றி இவ்வளவுகூட யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

வட்டம் ரெய்க்யவிக்கில் முடிகிறது. 1975-இல் சுமார் 25,000 பெண்கள் கூடிய சதுக்கம் அங்கேதான். அன்றைய மக்கள்தொகையோ இரண்டேகால் இலட்சம்கூட இல்லை. 'வேலைநிறுத்தம்' என்றால் சிலர் தயங்குவார்கள் என்பதால் அதை 'விடுப்பு நாள்' என்றார்கள். பள்ளிகளும் மீன் ஆலைகளும் முடங்கின. தந்தைமார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, தனித்து ஒரு மகளை வளர்த்துவந்த விக்திஸ் ஃபின்போகதோத்திர் மூன்று ஆண் வேட்பாளர்களை வென்று குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர். ஆனாலும் 2023 அக்டோபர் 24 அன்று, ஊதிய வேறுபாட்டையும் வன்முறையையும் எதிர்த்து அந்நாட்டுப் பெண்கள் மறுபடி நாள் முழுக்க வேலையை நிறுத்தினார்கள். பிரதமராக இருந்த பெண்ணும் அதில் சேர்ந்துகொண்டார். சமத்துவப் பட்டியலில் முதலிடம் வகிக்கும் நாட்டின் நிலை இது.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். 1968 மே 26 வரை அவர்களும் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒற்றைத் தடப் பாலங்களில் எதிரே வருபவரைக் கவனித்து இறங்க வேண்டும். பெருங்காற்று வீசும் நாளில் காரின் கதவை இறுகப் பிடித்துத் திறக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் இருவரும் மாறி மாறி உட்காரப்போகிறோம்.

நீங்கள் வேறெந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் சரி, பயணத் தாளில் அந்த இரண்டாம் பத்தியைச் சேருங்கள். அது காலியாகவே இருந்தால், அந்த ஊரில் பெண்களே இருந்ததில்லை என்று எண்ணிவிடாதீர்கள். யார் எழுதாமல் விட்டார்கள் என்று கேளுங்கள்.