கீழ்வாயிலக்கமும் வயல்வெளியும்: திண்ணைப் பள்ளிகளின் பின்னக் கல்வி

முன்னுரை

தொடக்கப்பள்ளி மாணவர் இடர்ப்படும் கணக்குப் பகுதிகளுள் பின்னம் முதன்மையானது. வகுப்பறைக்கு வெளியே நிலத்தை அளந்தும் தானியத்தை முகந்தும் இதனைக் கற்பிக்கலாம் என்று இக்காலக் கல்வியாளர் கருதுவர். இதற்குத் தமிழ்க் கணக்கு மரபில் அடிப்படை உண்டா என்பதை இக்கட்டுரை எண்சுவடிவழி ஆராய்கின்றது.

எண்சுவடியில் பின்னம்

திண்ணைப் பள்ளி மாணவர் மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் எண்சுவடியைப் பயின்றனர். ஒன்றிற்குக் குறைந்த எண்கள் அதில் கீழ்வாயிலக்கம் எனப்பட்டன. இவை இரு வழிகளில் அமைந்தன. ஒன்றைப் பாதி பாதியாகப் பகுத்தால் அரை, கால், அரைக்கால், வீசம் (1/16) ஆகியன கிடைக்கும். ஒன்றை இருபதாகப் பகுத்தால் மா. மாவின் நாலில் ஒன்று காணி (1/80). காணியின் நாலில் ஒன்று முந்திரி (1/320). வீசம் 20 முந்திரி, மா 16 முந்திரி ஆதலின், இரு வழிகளும் முந்திரியில் ஒன்றுகூடின. வீசத்தையும் மாவையும் கூட்டப் பகுதியைச் சமமாக்க வேண்டுவதில்லை. 36 முந்திரி, அதாவது இருமா காணி என்று விடை கூறலாம்.

எண்ணும் அளவும்

மா, காணி என்பன எண்ணுப் பெயர்கள் மட்டுமல்ல. நில அளவுப் பெயர்களுமாம். வேலியின் இருபதில் ஒரு பங்கு ஒரு மா. சோழர் கல்வெட்டுகள் நிலப்பரப்பை வேலி, மா, காணி, முந்திரிகை எனவே குறிக்கின்றன. காவிரிப் படுகை உழவரிடையே மா இன்றும் வழங்குகிறது. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். காரிநாயனாரின் கணக்கதிகாரமும் நிலம், பொன், நெல், அரிசி எனப் பொருள்வழியே கணக்குகளை வகுத்தது. எனவே, மாணவன் திண்ணையில் மனனம் செய்த சொல் வயலிலும் களத்திலும் பொருள் பெற்றது.

மரபின் எல்லை

இம்மரபை மிகைப்படுத்துதல் பொருந்தாது. மனப்பாடமும் தண்டனையும் அதில் மேலோங்கியிருந்தன. 1822இல் தாமஸ் மன்றோ ஆணையிட்ட கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தின் 12,498 பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் 1,88,650 மாணவர் பதிவாயினர். அவருள் பெண்கள் 4,540 பேரே. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்குத் திண்ணை எட்டாததாகவே இருந்தது. வயலில் உழைத்தோர் பிள்ளைகளுக்கே வயலின் கணக்கு மறுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

1957இல் பதின்ம நாணயமும் அதனையடுத்து மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தபின் கீழ்வாயிலக்கம் பயன்பாட்டில் சுருங்கியது. அதனை மீண்டும் மனனம் செய்விக்க வேண்டுவதில்லை. பள்ளி வெளியில் ஒரு பரப்பைக் கயிறிட்டு இருபது சம பங்காக்கி, ஐந்து பங்கு கால் என்று காணச் செய்தலே போதும். எண்ணும் அளவும் ஒரு பெயரால் வழங்கிய மரபின் பயனை, முன்பு விலக்கப்பட்டோர் உட்பட அனைத்துச் சிறாரும் அதன்வழிப் பெறுதல் கூடும்.